கணக்குச் சேர் பேசின கதை

பட்ச்காரரே,

போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவன் பழைய வகுப்புப் படமொன்றைப் போட்டு, "மலைநாட்டுக் கணக்குச் சேர் ஏன் இதிலை இல்லை, அவர் ஏன் போனவர்?" என்று கேட்டிருந்தான். கொஞ்ச நேரத்துக்குள் எத்தனை பதில்கள். கனடாக்காரி, அவர் தானாகவே மாற்றம் கேட்டுப் போனவர் என்றாள். கொழும்பில் வங்கியில் இருக்கிறவன், "அவர் புலனாய்வு ஆளாம், அம்மா அப்பவே சொன்னவ" என்றான். இன்னொருவன் 'ஒரு பெட்டையின்ரை விசயம்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் கண்ணடிக்கிற முகமொன்றை வைத்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. முப்பது வயதைத் தொடப்போகிறோம். முதுகுவலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று குழுவில் கதைக்கத் தொடங்கிவிட்டோம். இன்னும் கண்ணடிக்கிற முகம்.

அதே கிழமைதான் பள்ளிக்கூட விழா மலருக்கு 'இனிய நினைவு' ஒன்று எழுதித் தரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. மலர்க்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். பார்த்ததும் அந்த 'இனிய' என்ற சொல்லிலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் மலருக்குக் கொடுக்காமல் உங்களுக்கே எழுதுகிறேன். நான் சொல்வதையும் அப்படியே நம்பவேண்டாம். வேறுமாதிரி ஞாபகமிருந்தால் சொல்லுங்கள். கண்ணடிக்காமல் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தின் யன்னல் கம்பிகள் ஞாபகமிருக்கிறதா? கடற்காற்றில் துருப்பிடித்து, பிடித்துவிட்டுக் கையை எடுத்தால் உள்ளங்கை சிவந்திருக்கும். சட்டையில் துடைத்தால் வீட்டில் அடி. காற்று மாறுகிற மத்தியானங்களில் கருவாட்டு மணம் வகுப்புக்குள் வந்து, எங்களோடு சேர்ந்து பாடம் கேட்கும். பின்மதிலில் சண்டைக்காலத்தில் விழுந்த துண்டை யாரும் திருப்பிக் கட்டவேயில்லை. வேலியில் ஆள் நுழைகிற ஓட்டையைப் பொட்டு என்கிற மாதிரி, அதையும் பொட்டு என்றுதான் சொன்னோம். சந்தைக்குப் போகிற பெண்கள் மீன்கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பொட்டுக்குள்ளால் வந்து, எங்கள் மைதானத்தைக் குறுக்கே கடந்து போவார்கள். போகிற போக்கில் எந்த வகுப்பு வாசலில் எந்தப் பிள்ளை முழங்காலில் நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு போவார்கள். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னே எங்கள் முழங்கால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மண்டபம் பேருக்குத்தான் பள்ளிக்கூட மண்டபம். கல்யாணம் அங்கே நடந்தது. தடுப்பூசி, வாக்குப்பெட்டி, வெள்ளத்துக்கு ஊரே வந்து படுத்தது, எல்லாம் அங்கேதான். செத்தவீடு என்றால் வகுப்பறைக் கதிரைகள் இரவல் போகும்; போன கதிரைகள் திரும்பி வரும்வரை நாங்கள் நிலத்தில் இருந்து படித்தோம். பள்ளிக்கூடம் தன் வீட்டு முற்றம் என்றே ஒவ்வொரு வீடும் நினைத்தது. முற்றத்துக்குள் புதிதாக ஒருவர் வந்து நின்றால் விசாரிக்காமல் விடுவார்களா.

கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போன பழைய கணக்குச் சேர், வீட்டுக்குக் கிட்ட மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு நெடுங்காலம் எங்களுக்குக் கணக்குக்கு ஆளில்லை. ஆங்கில ரீச்சர் வருவார். "புத்தகத்தைப் பாத்துச் செய்யுங்கோ, சத்தம் போடாதேங்கோ" என்பார். அவ்வளவுதான் பாடம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பட்டினத்துக்கு ரியூசனுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பூ கீறினோம். ஓஎல் சோதனையில் கணக்கில் தவறினால் அதற்குமேல் படிப்பில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளை கணக்கு விட்டால் அடுத்து என்ன கதை எழும்பும் என்பது எங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் அவர் வந்தார். நெடுவல் ஆள். ஒரு தோற்பை, கூடவே சாக்கால் சுற்றிக் கயிறு போட்ட நீட்டுச் சாமான் ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடப் படலைக்கு வருவதற்குள், அந்தச் சாக்குக்குள் என்ன இருக்கும் என்று தெருவில் மூன்று விதமான முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. சண்டை முடிந்து வருசங்கள் போயிருந்தாலும், நீட்டுச் சாமானைச் சாக்கால் சுற்றிக்கொண்டு எங்கள் ஊரில் ஒருவர் நடக்க முடியாது.

அது மரத்தில் செய்த கவராயம். கரும்பலகையில் வட்டம் கீறுகிறது. ஒரு காலில் வெண்கட்டியைச் செருகித் திருகாணியால் இறுக்கிவிட்டு, ஒரே சுழற்றில் பலகையில் அவர் வட்டம் போட்டபோது நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். அதுவரை எங்கள் பலகையில் வட்டம் என்றால் முட்டைதான்.

முதல்நாள் வகுப்பு ஞாபகமிருக்கிறதா? பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"பின்னாடி பேசாதீங்க."

கடைசி வாங்கில் குந்தியிருந்த பகிடிக்காரன் எழும்பினான். "சேர், இஞ்சை ஒருத்தரும் ஒருத்தருக்கும் பேசேல்லை. நாங்கள் சும்மா கதைச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள்."

"கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்களா? என்னா கதை?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவருக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது, அவர் 'பேசுறது' என்று சொல்வதை நாங்கள் 'கதைக்கிறது' என்போம் என்று பகிடிக்காரன்தான் வாத்தியார் மாதிரி நின்று விளங்கப்படுத்தினான். சேர் கோபிக்கவில்லை. பலகையில் பெரிய சமன் குறி ஒன்றைப் போட்டு, இந்தப் பக்கம் 'பேசு', அந்தப் பக்கம் 'கதை' என்று எழுதினார்.

"சரிங்க. சமன்பாடுன்னு வச்சுக்குவோம். இந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பக்கம் போனா என்னாகும்?"

வெண்கட்டியால் சமன் குறியைத் தட்டினார்.

"குறி மாறிடும். நான் மலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தேன் இல்லீங்களா, என் சொல்லுக்குக் குறி மாறிப்போச்சு."

எழுத்தை வைத்துச் செய்கிற அட்சரகணிதம் என்ற சாமான் எனக்கு முதன்முதலில் விளங்கியது அந்த வினாடியில்தான். அன்றிலிருந்து வகுப்பே அவரைப்போலக் கதைக்கத் தொடங்கியது. "சேரோட பேசணும்", "வாங்க பேசலாம்" என்று இடைவேளை முழுக்க அதே விளையாட்டு. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊரின் காதுக்கு அது எட்டவில்லை. எட்டியதெல்லாம் வேறு. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துச் செயலாளர் எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா, அடுத்த வளவுக்காரர். பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர், மண்டபப் பூட்டின் திறப்பைத் தன் இடுப்பிலேயே வைத்திருந்த மனிதர். பின்னேரங்களில் எங்கள் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒரு காலைப் பெடலில் வைத்தபடியே நின்று கதைப்பார். உள்ளே வரவும் மாட்டார், போகவும் மாட்டார்.

"தங்கச்சி, உவர் ஏன் இஞ்சை வந்தவர்? ஆரும் எங்கடை ஊர் வேணுமெண்டு கேட்டு வருவினமோ?"

"போட்ட இடத்துக்கு வந்திருப்பார் அண்ணை. பிள்ளையளுக்கு வடிவாய்ப் படிப்பிக்கிறாராம்."

"படிப்பிக்கிறார், ஓம். பின்னேரத்திலை துறையடியிலை நிண்டு வள்ளம் எண்ணுறாரே, அதுவும் பாடமோ?"

வள்ளம் எண்ணியது உண்மை. துறையில் விரலை நீட்டி நீட்டி எண்ணியதை நானும் கண்டிருக்கிறேன். அடுத்த நாள் வகுப்பில் அது கணக்காக வந்தது: துறையில் இத்தனை வள்ளம், இத்தனை வலை, ஒரு வள்ளத்துக்கு இத்தனை ஆள், விகிதம் என்ன. இதை நான் மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப பாடப்புத்தகத்திலை கணக்கு முடிஞ்சுபோச்சோ?" என்றார்.

சந்தேகத்துக்கு எப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? சேர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று விசாரித்தார். உடனே, "வீட்டுக்குள்ளை ஆர் ஆர் இருக்கினமெண்டு பாக்கிறார்." ஒருநாள் வீடுகளுக்குப் போகாமல் விட்டார். "ஏன் உவர் இப்ப வாறேல்லை?" மாமா குரலைத் தாழ்த்தி, "உவர் என்ன ஆக்களாம்?" என்றும் கேட்டார். அந்தக் கேள்வியின் பொருளை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே, அதையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

இனி என் பக்கத்து வாங்குக்காரியிடம் வருகிறேன். அவளை எல்லாருக்கும் தெரியும். தகப்பன் கடற்றொழில், வீடு துறைக்குக் கிட்ட. வாயால் கேட்டால் எந்தக் கணக்குக்கும் பட்டென்று விடை சொல்வாள். பலகையில் போட்டதைச் செய்யச் சொன்னால் பிழைவிடுவாள். ஆறை எட்டு என்று எழுதுவாள். பலகையைப் பார்க்காமல் என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவாள். பஞ்சி பிடித்த சோம்பேறி என்று நினைத்தேன். "எடியே, பலகை அங்கை கிடக்கு" என்றால், "உன்ரை எழுத்து வடிவு" என்பாள். நானும் குளிர்ந்துபோய்க் கொப்பியை அவள் பக்கம் தள்ளிவிடுவேன்.

ஒருநாள் இடைவேளையில் சேர் அவளைக் கூப்பிட்டுப் பூவரசுக்குக் கீழே கிடந்த வாங்கில் இருத்தினார். தான் கொஞ்சம் தள்ளி நின்றபடி கதைத்தார். மறைவாக ஒன்றுமில்லை, நடு மைதானம், எல்லாரும் பார்க்கத்தான். மணி அடித்தபிறகும் கதைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். வெயிலில் அவளுக்கு எப்போதும் கண்ணில் தண்ணீர் வடியும், அதுவும் எனக்குத் தெரியும். என்னடி என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சேரோட பேசினேங்க" என்று அவரைப்போலவே சொன்னாள். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பொட்டுக்குள்ளால் போன ஒரு மீன்காரி அதைப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காற்றுத் திரும்பியிருந்தது. வருசா வருசம் அந்தக் காலத்தில் அவள் வீட்டார் முல்லைத்தீவுப் பக்கம் போய்க் கரையில் ஓலைக் கொட்டில் போட்டு, வாடி அடித்துத் தொழில் செய்வார்கள். வழக்கமாகத் தகப்பனும் தமையனும் மட்டும் போவார்கள். இந்த முறை தாய்க்குச் சுகமில்லை, சமைக்க ஆள் வேண்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு எல்லாருமாகப் போய்விட்டார்கள். போகிற அவதியில் தாய் தங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "சேர் பிள்ளைக்குப் பேசினவராம்."

பிள்ளை வீட்டில் சொன்னது, "சேர் என்னோட பேசினார்ம்மா." வகுப்பு விளையாட்டை வீட்டிலும் விளையாடியிருக்கிறாள். 'என்னோட' என்பது தாயின் காதில் விழவில்லை. 'பேசினார்' மட்டும் விழுந்தது.

அந்த வசனம் மாமியின் வேலியைத் தாண்டி, கடகத்தோடு மைதானத்தைக் கடந்து, சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தது. காலையில், சேர் பேசினபடியால் பிள்ளை அழுதது. மத்தியானம், அழுதபடியால் பள்ளிக்கூடத்தை விட்டது. பின்னேரம், பள்ளிக்கூடத்தை மட்டுமில்லை, ஊரையே விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு என்ன நடந்தது? மரத்துக்குக் கீழே. கண்ணைத் துடைத்துக்கொண்டு. பொம்பிளைப்பிள்ளை. வாடிக்கு வருசா வருசம் போகிற ஆக்கள் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வாடிப் பக்கம் தொலைபேசி எடுக்காது.

மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பெற்றோர், சங்கம், அதிபர் ரீச்சர். கதிரை அடுக்க, தேத்தண்ணி கொடுக்க எங்கள் வகுப்பை வைத்துக்கொண்டார்கள். நான் தட்டோடு நின்றேன். பிளாஸ்டிக் கப்பில் தேத்தண்ணியின் சூடு விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. சேர் முன்வரிசைக் கதிரையில், கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, சோதனைக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தார். அவர் இருந்தால் எங்களுக்குக் கணக்கு இருக்கும், போனால் பூ கீறவேண்டியதுதான் என்பது தேத்தண்ணி கொடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும்.

மாமா எழும்பினார். "மாஸ்டர், நேரை கேக்கிறம், குறை நினைக்காதேங்கோ. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பேசினனீங்களோ?"

"ஆமாங்க. பேசினேன்."

மண்டபம் அசைந்தது. பயந்த மனிதனுக்குத் தன் ஊர்ப் பேச்சுத்தானே வரும். வகுப்பில் சமன் குறி போட்டவர் மண்டபத்தில் அதை மறந்துவிட்டார்.

"எவ்வளவு நேரம்?"

"இடைவேளை முழுக்கப் பேசினேங்க. பெல் அடிச்ச பின்னாடியும் கொஞ்சம் பேசினேன்."

"பிள்ளை என்ன பிழை செய்தது?"

"பிழை ஒண்ணும் செய்யலீங்களே. ரொம்ப நல்ல புள்ள."

"பிழை செய்யாத பிள்ளைக்கு என்னத்துக்குப் பேசினனீங்கள்?"

"பேசணும்னு தோணுச்சுங்க. பேசினேன்."

"கேட்டியளே," என்று பின்வரிசையில் ஒரு தகப்பன் சொன்னார், "தோணினதாம். பேசினாராம். எங்கடை பிள்ளையள் என்ன, உவருக்குப் பேசிப் பழகுறதுக்கோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அவர் பேசினதெண்டு சொல்லுறது கதைச்சதை. அவையின்ரை ஊரிலை கதைக்கிறதுக்கு அப்பிடித்தான் சொல்லுறவை. பேசேல்லை, கதைச்சவர். கேட்டுப் பாருங்கோ."

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா கண்ணால் சுட்டார். பகிடிக்காரனும் கதிரைகளுக்குப் பின்னால் நின்று, "ஓம், மெய்" என்றான். மண்டபம் ஒருகணம் யோசித்தது. நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மாமா என்னைப் பார்க்கவேயில்லை. "சரி. கதைச்சதெண்டே வைப்பம். ஒரு குமர்ப்பிள்ளையை மரத்துக்குக் கீழை வைச்சு அவ்வளவு நேரம் என்ன கதை?"

இது முன்னையதைவிட மோசம். ஏசியிருந்தால் ஒரு வாத்தியார் ஏசினார் என்று போயிருக்கும்.

சேர் எழும்பினார். "அத நான் சொல்ல முடியாதுங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லியிருக்கேன். அவங்க வந்ததும் அவங்களையே கேளுங்க."

"அப்பிடியோ," என்று இழுத்தார் மாமா. அந்த ஒரு சொல்லோடு கூட்டம் முடிந்துவிட்டது. அதிபர் ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது" என்றார். எல்லாரும் குடித்தார்கள். சேரும் நான் நீட்டிய கப்பை வாங்கினார், குடிக்கவில்லை. வெளியே வந்ததும் அம்மா எனக்குப் பேசினார். எங்கள் ஊர்ப் பொருளில்.

சேரைக் கொஞ்சநாள் லீவில் நிற்கச் சொன்னார்கள். பிறகு மாற்றம் வந்தது. போகிற அன்று காலையில் நானும் பகிடிக்காரனும் இன்னும் சிலரும் பஸ் தரிப்பில் நின்றோம். ஊர் பார்க்கும் என்று கொஞ்சம் தள்ளித்தான் நின்றோம். கையில் தோற்பை மட்டும் இருந்தது, சாக்குச் சாமானைக் காணவில்லை.

"சேர், கவராயம்?" என்றேன்.

"அலுமாரிக்குள்ள வச்சிருக்கேன். வட்டம் போடணும்ல நீங்க."

பஸ் வந்தது. ஏறினவர் படியில் நின்று திரும்பினார். "நல்லாப் படிங்க. பின்னாடி பேசாதீங்க" என்றார். பகிடிக்காரன் முதன்முறையாக அதற்குச் சிரிக்கவில்லை.

அந்தக் கவராயத்தால் பிறகு யாரும் வட்டம் போடவில்லை. ஒரு பரிசளிப்பு விழாவில் அதைப் பதாகை கட்டுகிற தடியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.

காற்று மறுபடி திரும்பி, வாடிக்காரர் ஊருக்கு வந்தபோது அவளும் வந்தாள். மண்ணிற விளிம்பு போட்ட கண்ணாடி முகத்தில். வகுப்புக்குள் வந்து வாங்கில் இருந்தவள், என் கொப்பியைப் பார்க்காமல் நேரே பலகையைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"எடியே, உதிலை இவ்வளவு எழுத்து இருக்கோ?" என்றாள். பிறகு, "சேர் எங்கை? அவருக்கு இதைக் காட்டவேணும்."

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

நடந்தது இதுதான். பலகை தெரியவில்லையா என்று சேர் அன்றைக்கு அவளிடம் கேட்டிருக்கிறார். இவள் பயந்துபோய், ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறாள். கண் தெரியாத பெட்டை என்று ஊரில் பெயர் வந்தால் படிப்பை நிப்பாட்டி வீட்டில் இருத்திவிடுவார்கள், பிறகு கல்யாணமும் இல்லை என்று. சொல்லமாட்டேன், நீங்களே அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று அவர் இடைவேளை முழுக்க அவளுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். வாடியில் ஒருநாள் தகப்பன் கடலைக் காட்டி, "எங்கடை வள்ளம் எது, சொல்லு பாப்பம்" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குக் கடல் மட்டும்தான் தெரிந்தது. அந்த இடத்தில் சொல்லிவிட்டாள். தகப்பன் ஏசவில்லை. அடுத்த நாளே தொழிலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

தாயும் அவளுமாக அதிபர் ரீச்சரிடம் போனார்கள். நான் கூடப் போய் வாசலில் நின்றேன்.

"அவர் சொன்னபடியால்தான் ரீச்சர் பிள்ளைக்கு இண்டைக்குக் கண் தெரியுது," என்றார் தாய். "நான்தான் பிழையாய் விளங்கிப் பக்கத்து வீட்டிலை சொல்லிப்போட்டன். அவரைத் திருப்பிக் கூப்பிடேலாதோ?"

அதிபர் ரீச்சர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "நடந்தது நடந்துபோச்சு. இனி இதைக் கிளறினால் பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்டபேர்."

மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். பெடலில் கால் வைத்தபடியே முழுவதும் கேட்டார். "அப்ப அந்த மனுசன் அண்டைக்கே அதைச் சொல்லியிருக்கலாமே," என்றார். "மறைச்சபடியால்தானே சந்தேகம் வந்தது."

இத்தனை வருசம் இதை ஒரு சொல்லால் வந்த பிழை என்றுதான் எல்லாருக்கும் சொல்லி வந்தேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், எனக்கும் சொல்ல நன்றாயிருக்கும். இப்போது அதிலும் சந்தேகம். மாமா வீட்டுத் தொலைக்காட்சி அந்த நாளிலேயே பின்னேரம் தொடங்கினால் படுக்கும்வரை ஓடும், எல்லாம் இந்தியத் தொடர்கள். "நான் உங்ககிட்ட தனியா பேசணும்" என்று அதில் யாராவது அழாத நாளில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்கும். யார் யாருக்கு ஏசுகிறார்கள் என்று மாமா ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சொல் மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் விளங்கப்படுத்தியபோது கேள்வியை மாற்ற அவருக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. பெட்டிக்குள் கதைக்கிறவர்களை நம்பினார்கள், கதிரையில் இருந்தவரை நம்பவில்லை. விழா மலர்க்குழுவின் தலைவர் யார் என்று இப்போது ஊகித்திருப்பீர்கள்.

சோதனையில் அவள் கணக்கில் உயர்ந்த பெறுபேறு எடுத்தாள். நாங்கள் எடுத்தது எங்களுக்குத் தெரியும், அதை மலரில் போடமாட்டார்கள்.

அவள் எங்கள் குழுவில் இருந்தும் ஒன்றும் எழுதுவதில்லை, கவனித்தீர்களா? படித்து முடித்துக் கணக்கு ரீச்சராகி, முதல் நியமனம் மலைநாட்டில். கண்ணடிக்கிற முகம் விழுந்த அன்று எனக்குத் தனியாகக் குரல்பதிவு ஒன்று அனுப்பினாள். பின்னால் மழை கொட்டுகிற சத்தம்.

"முதல்நாள் வகுப்பிலை பிள்ளையள் கதைக்காதேங்கோ எண்டனான். ஒருத்தி எழும்பி, 'நாங்க கதை சொல்லலீங்க டீச்சர், பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்' எண்டாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நான் பலகைப் பக்கம் திரும்பி நிண்டிட்டன்."

நான் அழைப்பு எடுத்தேன். "அவரைத் தேடினியே?"

"இஞ்சை வந்த நாளிலையிருந்து ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலையும் விசாரிக்கிறன். எந்த ஊர், ஏன் கேக்கிறீங்கன்னு என்னைத்தான் சந்தேகமாய்ப் பாக்கினம்."

"கண்டால் என்ன சொல்லுவாய்?"



"நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றாள். "அவர் எங்களுக்குப் பேசட்டும்."

"எந்தப் பேச்சு?"

"எது எண்டாலும்."